இரண்டாம் பொட்டலம்

மாலை ஆறு மணி நாற்பது நிமிடம். சங்ககிரியில் மழை இல்லை. ஆனால் மலைக்கோட்டையின் உச்சி பகலிலிருந்தே மேகத்துக்குள் போயிருந்தது; காற்று ஓர் இலையைக்கூட அசைக்காமல் எங்கோ பதுங்கியிருந்தது. தபால் அலுவலகத்துக்குள்ளேயே இருக்கும் தொலைபேசி நிலையத்தில் என் வேலை முடிந்து, வீட்டுக்கு வந்து, ஒரு டம்ளர் காப்பியோடு பின்வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டுக்கும் சண்முகவேல் அண்ணன் வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு செவ்வரளி வேலி மட்டுமே. ஆகவே அவர்கள் வீட்டு வானொலி எங்களுக்கும் சேர்த்தே பேசும்.

"வங்கக் கடலில் மையம் கொண்டுள்ள காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் மேலும் வலுப்பெற்றுப் புயலாக மாறக்கூடும்" என்றார் செய்தி வாசித்தவர்.

அதைக் கேட்டுக் கடலோரத்தில் எத்தனையோ பேர் தம் கூரையை நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். கடலை விட்டு வெகுதூரம் தள்ளி, லாரிப் புகைக்கு நடுவே வாழும் எங்கள் ஊரில், அதைக் கேட்டு முகம் மலர்ந்த மனிதர் ஒருவர் இருந்தார்.

"அம்மிணி! கேட்டீங்களா? புயலாமா!" என்றார் சண்முகவேல் அண்ணன் வேலிக்கு மேலே தலையை நீட்டி. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவரின் குரல் அது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் டயர் வியாபாரி. பேருந்து நிலையத்துக்கு எதிரே கடை. கடைக்குப் பின்னால் வீடு. வீட்டுக்குப் பின்னால் வேலி. வேலிக்குப் பின்னால் நான். அந்த வருடம் சேலம் வட்டாரத்திலேயே அதிக டயர் விற்றவர் அவர்தான் என்று கம்பெனிக்காரர்கள் ஒரு பரிசு அறிவித்திருந்தார்கள். கணவனும் மனைவியுமாக மெட்ராசிலிருந்து அந்தமானுக்குக் கப்பலில் உல்லாசமாகப் போய்வரலாம். தனி அறை, மூன்று வேளைச் சாப்பாடு, மேல்தளத்தில் காற்று வாங்க நாற்காலி.

அன்றிலிருந்து அண்ணனின் கால் தரையில் பாவவில்லை. முடிவெட்டும் கடையில் கப்பலைப் பற்றிப் பேசினார். லாரி எடைமேடையில் பேசினார். ஒரு துக்க வீட்டில், இறந்தவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, மிச்ச நேரமெல்லாம் கப்பலைப் பற்றிப் பேசினார். "கப்பல்ல என்னங்க பெரிய அதிசயம்? லாரி ரோட்டுல போகுது, அது தண்ணியில போகுது. அவ்வளவுதானுங்க வித்தியாசம்" என்பார்.

அந்த வித்தியாசம்தான் அவருக்குத் தொல்லை. அண்ணன் ஆறடி உயரம். லாரிச் சக்கரத்தை ஒற்றைக் கையால் உருட்டிக்கொண்டு போவார். ஆனால் தண்ணீரைக் கண்டால் நடுங்குவார். பவானி கூடுதுறையில் குடும்பமே முங்கி எழும்போது அவர் மட்டும் மேல்படியில் நின்று, "எனக்குச் சளி" என்று சொல்லி, ஒரு செம்பில் தண்ணீர் வாங்கித் தலையில் தெளித்துக்கொள்வார். சித்திரை வெயிலிலும் அவருக்குச் சளி. இது தன் வீட்டாருக்கும் பக்கத்து வீட்டுக்காரியான எனக்கும் தெரியாது என்று நம்பியவர் அவர் ஒருவர்தான்.

அவர் மனைவி சௌந்திரம் அக்காவின் கதை வேறு. கல்யாணமான மறு வருடம் கன்னியாகுமரி போவதாக இருந்தது. கடைக்குச் சரக்கு வந்துவிட்டது. அடுத்து ராமேஸ்வரம் என்றார்கள். கிணற்று மோட்டார் பழுதாகிவிட்டது. திருச்செந்தூருக்குப் புறப்பட்ட அன்று ஒரு பெரியப்பா இறந்துபோனார். அந்தப் பெரியப்பா எந்த வழியில் பெரியப்பா என்று அக்காவுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. பழனிக்குக் கிளம்பினால் எதுவும் குறுக்கே வராது. கடல் இருக்கும் ஊருக்குக் கிளம்பினால் மட்டும் ஏதாவது ஒன்று வந்துவிடும். அக்கா இதைக் கவனித்திருந்தார். வாயைத் திறந்து சொன்னதில்லை. மகளைத் தம்மம்பட்டியில் கட்டிக்கொடுத்து, மகன் கடையைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்த பிறகும் அவர் கடலைக் கண்ணால் பார்த்ததில்லை.

கப்பல் செய்தி வந்த அன்று வேலியோரம் வந்து அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஏன் மலரு, கடலு ஓயாம சத்தம் போடுமாமே. அது எப்படிக் கண்ணு இருக்கும்?"

என் பெயர் ஜெபமலர். வருடா வருடம் வேளாங்கண்ணிக்குப் போகிற குடும்பம் எங்களுடையது. அங்கே கேட்டதை எனக்குத் தெரிந்தவரை வாயால் செய்து காட்டினேன். நாற்பத்தைந்து வயதில், தலையில் துண்டோடு நின்று அலைபோலச் சத்தமிடுவது எளிதல்ல. அக்கா சிரிக்கவில்லை. "இன்னொருக்காச் செய்யி" என்றார்.

அன்றே பெட்டியையும் எடுத்துவிட்டார்.

இதுதான் நிலைமை. அண்ணனால் போகவும் முடியாது. போக மாட்டேன் என்று சொல்லவும் முடியாது. அந்த நேரத்தில்தான் வானொலி வழியாகப் புயல் அவருக்குக் கை கொடுத்தது. அவர் வானொலியை அணைத்தார். முகத்தில் கவலையை வரவழைத்துக்கொண்டார்.

"சௌந்திரம், இப்படி வா புள்ள. சேதி கேட்டயா?"

"கேட்டேனுங்க" என்று அக்கா, புடைத்துக்கொண்டிருந்த முறத்தோடு பின்வாசலுக்கு வந்தார்.

"புயலுன்னாச் சாதாரணமில்ல. கப்பல இட்லித் தட்டக் கவுக்கற மாதிரி ஒரே கவுப்பாக் கவுத்துப்போடும்."

"அப்படீங்களா."

"அல ஒண்ணொண்ணும் நம்ம மலக்கோட்ட ஒசரம் வரும்."

"பாக்கோணுமுங்க."

"என்னத்தப் பாக்கோணும்?"

"அந்த ஒசரத்தத்தானுங்க."

அண்ணன் சற்று நேரம் மீசையைத் தடவினார். வேறு வழியாக வந்தார்.

"உனக்குப் பயமா இருந்தாச் சொல்லிப்போடு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். பொம்பளைங்க பயப்படறதுல தப்பே இல்ல."

"நீங்க கூட இருக்கறப்ப எனக்கென்னங்க பயம்?"

"இருந்தாலும், மனசுல ஒரு ஓரத்துல?"

"ஓரத்துலயும் இல்லீங்க, நடுவுலயும் இல்லீங்க. ஏனுங்க, உங்களுக்கு இருக்குதுங்களா?"

"எனக்கா!" அண்ணன் சிரித்த சிரிப்பில் வேலியில் அடைந்திருந்த கோழி ஒன்று எழுந்து இடம் மாறியது. "கேட்டீங்களா அம்மிணி, எனக்குப் பயமான்னு கேக்கறா!"

"கேட்டேங்கண்ணா" என்றேன். அதற்கு மேல் எதைச் சொன்னாலும் வேலியைத் தாண்டியதாகிவிடும்.

மறுநாள் வியாழக்கிழமை. காலையிலிருந்தே நசநசவென்று தூறல். நேரடியாக எண்ணைச் சுழற்றி வெளியூருக்குப் பேசும் வசதி அப்போது எங்கள் ஊருக்கு வரவில்லை. தபால் அலுவலகத்துத் தட்டிக்குப் பின்னால் இருக்கும் என் இணைப்புப் பலகை வழியாகத்தான் எல்லா டிரங்க் காலும் போக வேண்டும். பலகையில் காதில் விழுவதைப் பலகையோடு விட்டுவிட வேண்டும் என்பது பணி விதி. நான் அதை மீறியதில்லை, இப்போதும் மீறப்போவதில்லை. அண்ணன் அன்று பேசியதில், தபால் அலுவலகத்தில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழுந்ததை மட்டுமே இங்கே எழுதுகிறேன். விழாதது எதுவும் மிச்சமில்லை என்பது வேறு விஷயம்.

அண்ணன் கடையிலேயே தொலைபேசி உண்டு. ஆனால் கடைக்குப் பின்னால் அக்கா உண்டு. ஆகவே தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டு, எச்சரிக்கையாக நாலாபுறமும் பார்த்துக்கொண்டு, என் தட்டியருகே வந்து காதோடு காதாகச் சொன்னார்.

"அம்மிணி, ரகசியமா ஒரு மெட்ராஸ் கால் போடோணும். ஊட்டுக்குத் தெரியப்படாது."

"மெதுவாப் பேசினாலே அங்க கேக்குங்கண்ணா" என்றேன். பேச வருகிற எல்லோரிடமும் நான் சொல்வது அது. யாரும் நம்பியதில்லை. எங்கள் ஊரில் டிரங்க் கால் பேசுவதற்கு ஒரு முறை இருந்தது. ஈரோட்டுக்கு என்றால் சற்றே ஓங்கிய குரல் போதும். கோயமுத்தூருக்கு என்றால் எழுந்து நிற்க வேண்டும். மெட்ராஸ் என்றால் கழுத்து நரம்பு புடைக்க வேண்டும். கம்பியின் நீளத்துக்குத் தக்கபடி தள்ளினால்தான் குரல் போய்ச் சேரும் என்று லாரிக்காரர்கள் உறுதியாக நம்பினார்கள்.

அண்ணன் தொலைபேசி வைத்திருந்த மரக்கூண்டுக்குள் நுழைந்து கதவை இழுத்தார். மழைக்கு ஊறி உப்பியிருந்த கதவு பாதியில் நின்றுவிட்டது. இணைப்பைக் கொடுத்தேன்.

"அலோ! அலோ! மேனேஜருங்களா! சங்ககிரி சண்முகவேல் பேசறனுங்க! ஆமாங்க, கப்பல் விசயந்தானுங்க! எனக்கென்னங்க, நான் இப்பவே ரெடி! புயலாவது ஒண்ணாவது! ஊட்டுலதானுங்க! என்ற சம்சாரத்துக்குத்தானுங்க பயம்! ராத்திரியெல்லாம் தூக்கமில்லீங்க, ஒரே அழுவாச்சி! தண்ணின்னாலே ஆகாதுங்க! பவானியிலகூட முங்க மாட்டா! செம்புலதானுங்க தெளிச்சுக்குவா! அதனால எங்க ரெண்டு பேரு பேரையும் அடிச்சுப்போடுங்க! ஆமாங்க, மனசே இல்லீங்க, என்ன பண்றது! அப்புறமுங்க, இது ரகசியமுங்க! ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க!"

அஞ்சல்தலை வாங்க நின்றவர்கள் அசையவில்லை. முத்திரை குத்திக்கொண்டிருந்தவர் கையை உயர்த்தியபடியே நின்றுவிட்டார். பக்கத்து மாவு மில்லில் வேலை செய்யும் பாப்பாயி, ஓர் உள்நாட்டுக் கடிதத்துக்குப் பசை தடவிக்கொண்டிருந்தவள், தடவிய விரலோடு கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். மறுபடியும் என் காதருகே குனிந்து கிசுகிசுத்தார்.

"ஆருக்கும் கேக்கலீங்களே?"

"என் வாயிலிருந்து எதுவும் போகாதுங்கண்ணா."

உண்மையைத்தான் சொன்னேன். பாப்பாயி கடிதத்தைப் பெட்டியில் போடாமலே படியிறங்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

பாப்பாயி அக்காவிடம் போய்க் கேட்டது ஒரே கேள்விதானாம். "ஏனக்கா, உங்களுக்குக் கடல்னாப் பயமாமே?"

அக்கா கோபப்படவில்லை என்று பாப்பாயி பிறகு ஏமாற்றத்தோடு சொன்னாள். அடுப்பில் இருந்த பாலை இறக்கி வைத்தாராம். "ஆரு சொன்னா?" என்றாராம். சொன்னதைக் கேட்டுக்கொண்டு, "செம்புல தெளிச்சுக்கறது நானாமா?" என்று மட்டும் கேட்டாராம். அதைக் கேட்டபோது அவர் கண் கலங்கியிருந்தது என்பதையும் பாப்பாயிதான் சொன்னாள். போகவிடாமல் செய்ததையெல்லாம் இத்தனை வருடம் பொறுத்தவர், போகாததற்குக் காரணமும் தான்தான் என்று ஊர் சொல்வதைப் பொறுக்கவில்லை.

தபால் அலுவலகம் மூடுவதற்குச் சற்று முன்னால் அக்கா வந்தார். தலை வாரி, பூ வைத்து, விசேஷத்துக்குக் கட்டும் ஊதாப் புடவை கட்டியிருந்தார்.

"மலரு, மெட்ராசுக்கு ஒரு கால் போடு கண்ணு. அந்த டயர் கம்பெனிக்கு."

"மெதுவாப் பேசினாலே கேக்குங்கக்கா."

"நான் எதுக்குக் கண்ணு கத்தோணும்?"

கூண்டுக்குள் போய், கதவில் தோளைக் கொடுத்து ஒரு தள்ளுத் தள்ளினார். அந்தக் கதவு மூடும் என்பதையே அன்றுதான் அறிந்தேன். அவர் பேசியது வெளியே ஒருவர் காதிலும் விழவில்லை. ஆகவே அதை எழுத எனக்கு அனுமதியில்லை. பேசி முடித்து வெளியே வந்தபோது அக்காவின் முகம், இட்லி மாவு பொங்கியிருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்துத் திருப்தியடைந்தவரின் முகம்போல இருந்தது.

அன்று மாலை அண்ணன் வீரத்தின் உச்சத்தில் இருந்தார். பெயரைத்தான் அடிக்கச் சொல்லியாயிற்றே!

"பெட்டியக் கட்டு புள்ள!" என்றார், தெருவுக்கே கேட்கும்படி. "புயலாவது ஒண்ணாவது! நாளைக்கே கெளம்பறோம். கம்பெனிக்காரனாப் பாத்து வேண்டாம்னு சொன்னாத்தான் நிப்பேன்."

"பெட்டி கட்டியாச்சுங்க" என்றார் அக்கா, கொடியில் காயாத துணிகளை எடுத்துக்கொண்டே. "கம்பெனியிலயும் கேட்டாச்சுங்க. நம்ம பேரு பத்திரமா இருக்குதாமா. அடிச்சதைத் திரும்ப எழுதிட்டாங்களாமா."

தெருவுக்கே கேட்ட அண்ணனின் குரல் பாதியாக இறங்கியது.

"அடிச்சதையா? எதை அடிச்சாங்களாமா?"

"எனக்கென்னங்க தெரியும்? உங்களுக்கு எதாச்சும் தெரியுங்களா?"

அண்ணன் வானத்தைப் பார்த்தார். வானம் அவருக்கு உதவவில்லை. தெரியாது என்றால் கப்பலேறியாக வேண்டும். தெரியும் என்றால் குட்டு வெளிப்பட்டுவிடும். நல்லவேளையாக அவருக்குச் சாமி நினைவு வந்தது.

"சௌந்திரம், இதுல நீ சொல்றது நான் சொல்றதுன்னு எதுக்கு? அண்ணமார் கோயல்ல பூக் கேட்டுப்போடலாம். சாமி போன்னாப் போறோம். வேண்டாம்னா உட்டுடறோம்."

"அதுவுஞ் செரிதானுங்க" என்றார் அக்கா உடனே. இவ்வளவு எளிதாக அவர் ஒப்புக்கொண்டது அண்ணனைச் சந்தேகப்பட வைத்திருக்க வேண்டும். மகிழ்ச்சியில் இருப்பவர்கள் சந்தேகப்படுவதில்லை.

பூக் கேட்பது அந்தப் பக்கத்துக் குடியானவர் குடும்பங்களில் சாதாரண வழக்கம். பெண் கொடுப்பதா, எங்கே குழாய்க் கிணறு போடுவது, புது லாரி வாங்கலாமா என்று எது வந்தாலும் சாமியிடம் பூக் கேட்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ. இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒன்றுபோல மடித்துச் சாமி முன்னால் வைப்பார்கள். கேள்வியைச் சொன்னதும் பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால், கேட்டதற்குச் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது. சிவப்பு வந்தால் கொடுக்கவில்லை. அண்ணன் குடும்பத்தில், பொட்டலம் மடிப்பது வீட்டு ஆண். கேள்வியைச் சாமியிடம் வாய்விட்டுச் சொல்வது வீட்டுப் பெண்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அண்ணன் பூப்பறிக்க வேலிக்கு வந்தார். நான் குளியலறைச் சன்னலில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். செவ்வரளியில் ஒரு பூவைப் பறித்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். இன்னொரு செவ்வரளியையும் பறித்தார். எங்கள் கிணற்றோரம் நந்தியாவட்டைச் செடி வெள்ளை வெளேரென்று பூத்து நின்றது. அதன் பக்கம் அவர் திரும்பவேயில்லை. இரண்டு வாழையிலைத் துண்டுகளில் இரண்டையும் மடித்து, வாழைநாரால் கட்டி, ஒன்றுபோல இருக்கின்றனவா என்று தூக்கிப் பார்த்துத் திருப்தியடைந்தார்.

அவர் உள்ளே போன பிறகுதான் கொடிக்குப் பின்னால் இருந்த ஊதாப் புடவை அசைந்தது. புடவை மட்டும் காய்கிறது என்று நான் நினைத்திருந்தேன். அதற்குள் அக்கா இருந்தார்.

என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். "மலரு, டூட்டிக்கு நேரமிருந்தாக் கோயலுக்குத் துணைக்கு வாரயா?" என்றார்.

நான் வேறு சாமி கும்பிடுகிறவள். ஆகவே கோயில் வாசலுக்கு வெளியே, எல்லோருடைய செருப்புகளுக்கும் காவலாக நின்றுகொண்டேன். உள்ளே நடந்தது அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. பூசாரி சுப்பையன் இரண்டு பொட்டலங்களையும் வாங்கிச் சாமி காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார். அண்ணன் கண்களை மூடி, கைகளைக் கூப்பி, ஒரு தோல்வியைத் தாங்கிக்கொள்ளத் தயாராகும் வீரனைப்போல நின்றார்.

"கேளுங்கம்மா" என்றார் சுப்பையன்.

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நிறுத்தி நிதானமாகக் கேட்டார்.

"அண்ணமாரு சாமி, நாங்க கப்பலுக்குப் போகாம, ஊட்டோட இருந்துக்கலாங்களா? இருந்துக்கலாம்னா வெள்ளப் பூவக் குடு. இருக்கப்படாது, கெளம்போணும்னாச் செவப்புப் பூவக் குடு."

அண்ணனின் கண்கள் திறந்தன.

"ஏ புள்ள! கேள்விய மாத்திக் கேக்கறயே!"

"என்னத்தங்க மாத்துனேன்? போகாம இருக்கலாம்ங்கறது நீங்க. போகோணும்ங்கறது நான். உங்க பேச்சத்தானுங்க மொதல்ல வெச்சேன். ஊட்டு ஆம்பளைக்கு அந்த மருவாதிகூடக் குடுக்கலீன்னா எப்படீங்க?"

"இல்ல, இருந்தாலும்... சுப்பையா, இன்னொருக்காக் கேக்கச் சொல்லலாமா?"

"சாமி காதுல உழுந்தது உழுந்ததுதானுங்க, அதைத் திருப்பி வாங்க முடியாதுங்க" என்றார் சுப்பையன். கண்ணை மூடினார். கையை நீட்டினார். அவர் விரல்கள் இந்தப் பொட்டலத்துக்கும் அந்தப் பொட்டலத்துக்கும் நடுவே தடுமாறியபோது அண்ணன் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று தெரிந்த ஒருவர், எதை எடுப்பாரோ என்று இப்படி வியர்த்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

"செவப்பு!" என்றார் சுப்பையன் பக்தியோடு. "கெளம்புங்கன்னு உத்தரவாயிருச்சுங்க. எதுக்கும் அந்த இன்னொண்ணையும் பிரிச்சுக் காட்டிடறனுங்க" என்று இரண்டாம் பொட்டலத்தை எடுத்தார்.

"வேண்டாம்!" என்று இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் எழுந்தன. ஒன்று அண்ணனுடையது, மெட்ராசுக்குப் பேசும் குரல். மற்றது அக்காவுடையது.

"சாமி சொன்னதுக்கு மேல சோதிக்கப்படாதுங்க" என்று சொல்லி, அக்கா அந்தப் பொட்டலத்தைப் பணிவாக வாங்கி, முந்தானை நுனியில் முடிந்துகொண்டார். அண்ணனின் பார்வை அந்த முடிச்சிலிருந்து அன்று முழுவதும் நகரவில்லை.

அன்று மாலை சேலத்துக்குப் போகும் ஒரு லாரியின் முன்பகுதியில் ஏறி, அங்கிருந்து மெட்ராஸ் ரயிலைப் பிடிப்பதாக ஏற்பாடு. அண்ணன் ஒரு பெரிய படுக்கைச் சுருளைத் தானே தூக்கிவந்து ஏற்றினார். மகன் தூக்க வந்தபோது விடவில்லை. கப்பலில் படுக்கை கொடுப்பார்களே என்று நான் கேட்கவில்லை. படுக்கையிலிருந்து ஏன் ரப்பர் வாசனை வருகிறது என்றும் கேட்கவில்லை. அக்காவைத் தனியாக அழைத்து, என் மனத்தை அரித்துக்கொண்டிருந்ததை மட்டும் கேட்டேன்.

"அக்கா, சொல்றேன்னு நினைக்காதீங்க. புயல் நேரத்துல கப்பல்ல போறது நல்லதுங்களா?"

"ஆரு போறா?" என்றார் அக்கா. "புயலு தாண்டுற வரைக்கும் கப்பலயே எடுக்க மாட்டாங்களாமா. நேத்தே மேனேஜரு சொல்லிப்போட்டாரு. அதுவரைக்கும் கடலுக்கு எதுத்தாப்புல ஓட்டல்ல தங்கிக்கலாம்னாரு. எனக்கென்ன உசுரு வெல்லமா இல்லயா?"

"அண்ணன்கிட்ட இதைச் சொல்லலீங்களா?"

"சொன்னா, தாண்டட்டும் பாக்கலாம்பாரு. இது தாண்டுனா அடுத்த புயலு வரும். எனக்கு அம்பது வயசு வரப்போகுது மலரு."

முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நான் அதையே பார்ப்பதைக் கவனித்துச் சிரித்தார்.

"பிரிச்சுப் பாக்கலீங்களாக்கா?"

"எதுக்குக் கண்ணு? இத்தன வருசமும் அவரு பயத்தப் பிரிக்காமத்தான் வெச்சிருந்தேன். இப்பப் பிரிச்சா என்ன ஆகப்போகுது?"

லாரி கிளம்பியது. அண்ணன், தூக்குமேடைக்கு மரியாதையாக அழைத்துப் போகப்படுகிறவரைப்போலக் கையசைத்தார்.

மறுநாள் காலை எங்கள் ஊரில் வானம் வெளுத்திருந்தது. புயல் இரவோடு இரவாக வடக்கே திரும்பிவிட்டது என்று வானொலி சொன்னது. சுப்பையன் கோயில் வாசலைக் கூட்டிப் பெருக்கிவிட்டு, சாமி இவ்வளவு தெளிவாகப் பேசிப் பல வருடமாகிறது என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். நான் கிணற்றோரத்து நந்தியாவட்டையில் நாலு பூப் பறித்து மாதா படத்துக்கு வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். பாப்பாயி, வியாழக்கிழமை போடாமல் விட்ட கடிதத்தைப் போட வந்து நின்றாள். பசை காய்ந்துவிட்டதால் மறுபடியும் தடவிக்கொண்டிருந்தாள். அப்போது மெட்ராசிலிருந்து நிலையத்துக்கே ஓர் அழைப்பு வந்தது.

"மலரு, நாந்தான் சௌந்திரம். டூட்டி நேரத்துல கூப்புட்டது தப்பா?"

"இல்லீங்கக்கா, சொல்லுங்க. பார்த்தீங்களா?"

பதிலுக்கு அக்கா வாயால் ஒரு சத்தம் செய்து காட்டினார். நீளமாக, அடிவயிற்றிலிருந்து எழுந்து, முடியும் இடத்தில் முடியாமல் மறுபடியும் தொடங்குகிற சத்தம். அன்று வேலியோரம் நான் செய்து காட்டியது எவ்வளவு தவறானது என்று அப்போதுதான் தெரிந்தது.

"விடிஞ்சதும் ரெண்டு பேருமாக் கரைக்குப் போனோம்" என்றார். "நான் மொளங்காலு நனைய நின்னேன். அவரு தள்ளி மணல்ல நின்னு என்ற செருப்புக்குக் காவலு. அப்புறந்தான் முடிச்ச அவுத்துப் பொட்டலத்தக் குடுத்தேன். சாமி பூவுங்க, கால் படற எடத்துல போடப்படாது, தண்ணியிலதான் உடோணும், நீங்களே உட்டுருங்கன்னேன். கரையில இருந்தே ஒரே வீச்சா வீசுனாரு. அல அதக் கொண்டாந்து அவரு காலடியிலயே வெச்சுது. மறுக்கா வீசுனாரு. மறுக்காவும் கொண்டாந்துது. வாழநாரு வேற அவுந்துக்கிட்டு வருது."

"அப்புறம்?"

"அப்புறமென்ன? படுக்கைக்குள்ள ஒளிச்சுக் கொண்டாந்தாரே லாரி டியூபு, அத ஓட்டலுக்குப் போயி எடுத்துட்டு வந்து, காத்தடிச்சு இடுப்புல மாட்டிக்கிட்டு, மொளங்காலு மட்டும் எறங்கி உட்டுட்டு வந்தாரு. கரையில இருந்தவங்க எல்லாம் நின்னு பாத்தாங்க."

"பயப்படலீங்களா?"

"பொட்டலம் பிரிஞ்சுருமோங்கற பயத்துல தண்ணி பயம் தெரியல. எனக்கும் ஒரு மாதிரி ஆயிருச்சு மலரு. கையப் புடிச்சுக் கரைக்குக் கூட்டியாந்தேன். இப்ப இன்னொருக்காப் போலாமான்னு அவரே கேக்கறாரு. இரு, உன்கூடப் பேசோணுமாமா."

நான் காதுக்கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். அனுபவம்தான் காரணம்.

"அம்மிணி! நானாத்தானுங்க எறங்குனேன்! ஆருஞ் சொல்லி எறங்கல! டியூபு எனக்கில்லீங்க, சௌந்திரத்துக்காகக் கொண்டாந்ததுங்க! அவ வேண்டாம்னுட்டா, சும்மா கெடக்குதேன்னு நான் மாட்டிக்கிட்டேன்! செம்புல தெளிச்சுக்கற பழக்கமெல்லாம் இன்னையோட உட்டுட்டனுங்க!"

மேசைமேல் இருந்த காதுக்கருவி அதிர்ந்தது. அதற்குப் பின்னால், வெகு மெதுவாக, அக்காவின் குரல் கேட்டது. "மெதுவாப் பேசுங்க, சங்ககிரிக்கே கேக்கப்போகுது."

மூன்று நிமிடம் முடிந்தது என்று சொல்லி இணைப்பை எடுத்தேன். நிமிர்ந்தபோது பாப்பாயி, பசை தடவிய விரலோடு, தட்டிக்கு மேல் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்கம்மிணி, அப்பச் செம்புல தெளிச்சுக்கறது அண்ணனா?"

"பலகையில பேசினதை நான் யார்கிட்டயும் சொல்லக் கூடாது பாப்பாயி" என்றேன்.

"செரீங்க, செரீங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் படியிறங்கி ஓடினாள். கடிதத்தை அன்றும் பெட்டியில் போடவில்லை.